இருட்டுப் பைகள்

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்த அன்றே காற்று. கொடியில் காய்ந்த என் வெள்ளைச் சேலை பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. மாமி போய் வாங்கி வந்தார். நான் வாசல் தாண்ட முடியாது. அவர் இறந்த பிறகு நாலு மாதம் பத்து நாள் இத்தா, இன்று அறுபத்தோராம் நாள். இன்னும் பாதிகூட ஆகவில்லை.

இன்று:
நீலம், சிவப்பு, வெள்ளை, மூன்று விளக்குப் பெட்டிக் காளானுக்கும் தண்ணீர் தெளிப்பு. மூன்று வேளை.
மாமிக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்தது. மாமாவிடம் சொல்ல.
இருட்டுப் பைகளைப் பார்க்க.

பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஏலக்காய் அறையில் தொங்கும் எட்டுப் பையிலும் காளான் வந்திருக்கிறது. வந்ததில் தப்பில்லை. குடை விரித்திருக்கிறது, அதுதான் தப்பு. சிப்பிக் காளான் முழு இருட்டில் குடை விரிக்காது. தண்டு மட்டும் வெளுத்து நீளும், நுனியில் குண்டூசித் தலை போல ஏதோ ஒன்று இருக்கும். குடைக்கு வெளிச்சம் வேண்டும், அதிலும் நீலம் வேண்டும். இங்கே எட்டும் சட்டைப் பொத்தான் அளவுக் குடையோடு, அரைகுறையாக, முழித்துக்கொண்டு நிற்கின்றன.

அறைக்கு ஜன்னல் கிடையாது. அவர் ஏலக்காய் மூட்டை போட்டு வைத்த அறை. வெளிச்சம் பட்டால் காயின் பச்சை போய்விடும் என்று ஓட்டை ஓட்டையாகத் தேடி அவரே அடைத்தது. கம்பம் முழுக்கத் தேடினாலும் பகலில் இதைவிட இருட்டான அறை கிடைக்காது. அதனால்தான் காலேஜ் போக முடியாதபோது ஆராய்ச்சிக்கு மாமாவிடம் இந்த அறையைக் கேட்டேன். மகன் போன பிறகு பூட்டி வைத்திருந்தார். ஒரு நாள் முழுக்க யோசித்துத்தான் சாவியைக் கொடுத்தார்.

மாமி உள்ளே வரமாட்டார். கதவுக்கு வெளியே நின்றே கேட்டார். "என்னாத்தா, மொகம் செத்துக் கெடக்கு?"

"யாரோ வெளிச்சம் போட்டிருக்காக மாமி."

"வியாழக்கெழமைக்கு வியாழக்கெழம போனவுக ரூஹு வீட்டுக்கு வரும்பாக. அன்வரு வந்து பாத்துட்டுப் போயிருப்பான்."

"ரூஹுக்கு எதுக்கு மாமி டார்ச்சு?"

சொல்லியிருக்கக் கூடாது. மாமி அடுப்படிக்குப் போய்விட்டார். வாய். எனக்கு எப்போதும் வாய்தான் முதலில்.

5.40க்கு வழக்கம்போல அவர் நம்பருக்கு அடித்தேன். மணி போனது. யாரும் எடுக்கவில்லை.


ஜூலை 18, வெள்ளி

காற்று நிற்கவில்லை. தூறல், வெயில், தூறல். ஜும்ஆவுக்குப் போன மாமா குடை உடைந்து வந்தார்.

என் கைடு மேடத்துக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இருட்டு சரியா இல்லன்னா நீலத்த எதோட ஒப்பிடுவ நஸீமா? அந்தச் சாப்டரே நிக்காது."

தெரியும். நாலு வருஷ வேலையில் அதுதான் முதுகெலும்பு. எந்த நிறத்தில் காளான் எப்படி வளர்கிறது, உள்ளே புரதம் எப்படி வேலை செய்கிறது. எல்லாம் இருட்டோடு வைத்துப் பார்த்தால்தான் அர்த்தம். காலேஜில் காளான் இழை பரவி முடித்த பைகள் இன்னும் எட்டு இருக்கின்றன. அவ்வளவுதான். மாதக் கடைசிக்குள் ரீடிங் கையில் வேண்டும். இதற்கு மேல் அவகாசம் கேட்க முடியாது, அவர் மௌத்துக்கே ஒரு தடவை கேட்டாயிற்று.

சாப்பிடப் பிடிக்கவில்லை. "காளான் சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார் அவர், காளான் என்றால் நான். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே குறைவு. கல்யாணமான புதிதில் சண்டை போட்டிருக்கிறேன், ஊர் சிரிக்கிறது என்று. இப்போது யாராவது கூப்பிட்டால் போதும்.

இதுவரை எங்கும் எழுதாததை எழுதிவிடுகிறேன்.

அவர் போன் கிடைக்கவில்லை என்றார் மாமா. "பள்ளத்துல விழுந்துருக்கும்மா. தேடிட்டாக." குமுளியிலிருந்து பைக்கில் இறங்கி வந்தவர், கடைசி வளைவுக்கு முந்தின வளைவில் விழுந்தார். அந்த நேரத்தில் நான் மூன்று தடவை அடித்தேன். காளான் வளர்க்கும் பிளாஸ்டிக் கவர் ஒரு கிலோ வாங்கி வரச் சொல்ல. அது கம்பத்திலேயே கிடைக்கும். நம் தெருவிலேயே கிடைக்கும். சோம்பல்.

நான் அடித்த நேரமும் அவர் விழுந்த நேரமும் ஒன்று. போலீஸ்காரர் மாமாவிடம் நேரம் சொன்னபோது உள்ளறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான் அடித்தது யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். மணி போனது. அன்றிலிருந்து தினம், அதே நேரம். மனது கேட்காவிட்டால் இரண்டு மூன்று தடவை. அடித்ததும் என் போனில் அழித்துவிடுவேன், மாமி எடுத்துப் பேசும் போன் அது.

மழையில் பள்ளத்தில் கிடக்கும் போனுக்கு எத்தனை நாள் சார்ஜ் நிற்கும்? இரண்டு நாள். அறுபது நாள் நிற்குமா? நான் அறிவியல் படித்தவள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடும்.


ஜூலை 20, ஞாயிறு

என் ஜூனியர் சுகன்யா பெரியகுளத்திலிருந்து எட்டுப் பைகளோடு பஸ்ஸில் வந்தாள். கண்டக்டர், "என்னம்மா, வைக்கோல மூட்ட கட்டிக் கொண்டு போற, மாடு எங்கன?" என்று கேட்டாராம். வழி முழுக்க அதையே சொல்லிச் சிரித்திருக்கிறாள். இந்த வீட்டில் சத்தமாகச் சிரிக்கிறவள் அவள் ஒருத்திதான். மாமிக்கு அவளைப் பிடிக்கும்.

மதியம் உச்சி வெயிலில் ஏலக்காய் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் கால் மணி நேரம் நின்றோம். கண் பழகிய பிறகும் கையைக் கண்ணுக்கு நேரே வைத்தால் கை தெரியவில்லை. ஓட்டை இல்லை. கதவடியில் சாக்கைச் சுருட்டி அடைத்தோம்.

பழைய எட்டையும் அறுத்து எடுத்தோம். புதியதில் ஆறு பையைக் காளான் வெளிவரக் கீறித் தொங்கவிட்டோம். இரண்டைக் கீறாமல் கருப்புத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். எதற்கும் இருக்கட்டும்.

மாமா வாசலில் நின்று பார்த்தார். "உள்ளாற லைட்டு போடக் கூடாது, அம்புட்டுத்தானம்மா?"

"ஆமா மாமா. ஒரு துளி வெளிச்சம் படக் கூடாது."

"நா சுச்சுப் பக்கமே போகல." பிறகு மேலே பார்த்தார். "பரண்ல பழைய சாக்குக் கெடக்கு. எறக்கணுமா?"

"வேணாம் மாமா, தூசி விழுந்தா பை கெட்டுப்போகும்."

சரி என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. ஏன் என்று விளங்கவில்லை.

சாவி ஒன்றுதான், என் முந்தானையில். போதாதென்று கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே கருப்பு நூல், மைதாப் பசையில். யார் திறந்தாலும் அறும்.

பழைய பைகளின் துண்டுகளை ஐஸ் பெட்டியில் வைத்துச் சுகன்யா கொண்டு போனாள். மாமி கேட்டார், அத வச்சு என்னாத்தா பண்ணுவ என்று. வைக்கோலைத் தின்ன காளான் ஒரு புரதத்தை விடும் மாமி, அதன் பேர் லாக்கேஸ், வெளிச்சத்தைப் பொறுத்து அது கூடும் குறையும், அதை அளப்போம் என்றேன். "கண்ணு இல்லாதது வெளிச்சத்த எப்பிடிப் பாக்கும்?" கண் இல்லை, ஆனால் நீலம் பட்டால் விழித்துக்கொள்கிற புரதம் உடம்பெல்லாம் இருக்கிறது என்றேன். "அப்ப அதுக்கு உடம்பெல்லாம் கண்ணு," என்றார்.

5.40. ஒரு தடவை.


ஜூலை 21, திங்கள்

நூல் அறவில்லை. உள்ளே போகவில்லை.

வெங்காயம் நறுக்கினேன். திராட்சை கொண்டு வந்து கொடுத்தார்கள் எதிர் வீட்டில். புளிப்பு.

மாமா என்னை ஏதோ கேட்க வந்து, கேட்காமல், மாதுளம்பழம் இரண்டை வைத்துவிட்டுப் போனார். தினம் ஏதாவது வாங்கி வருகிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இன்று இரண்டு தடவை அடித்தேன்.


ஜூலை 23, புதன்

சுகன்யா காலையில் போன். பழைய இருட்டுப் பைகளின் லாக்கேஸ் ரீடிங் நீலப் பெட்டியின் ரீடிங்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. இருட்டு மாதிரியே இல்லையாம். "கண்டிப்பா லைட் விழுந்துருக்குக்கா. வெள்ளை லைட்டு, இல்ல நீலம். நிறைய நேரம் கூட வேணாம், கொஞ்சம் போதும்."

நூல் அறவில்லை. மூன்று நாளாக.

மதியம் உள்ளே போனேன். எப்போதும் உள்ளே கொண்டு போகும், காளானை எழுப்பாத சிவப்பு டார்ச்சையும் வெளியிலேயே வைத்துவிட்டேன். சாத்திவிட்டுத் தடவித் தடவிப் பார்த்தேன். முதல் பை, கீறலில் மொட்டு. இரண்டாவது பை, மொட்டு, சின்னத் தண்டு. மூன்றாவதில் என் விரல் நின்றுவிட்டது. தண்டு வளைந்திருக்கிறது. நாலாவதும். ஆறு பையிலும் ஒரே பக்கம். வடக்கு மூலை, மேலே.

கூட்டமாக நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்ப்பதை இருட்டில் கையால் தொட்டால் இப்படித்தான் இருக்கும். கையை எடுத்துவிட்டேன். கதவு எந்தப் பக்கம் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. பயந்துவிட்டேன். பயந்தேன் என்று எழுதுவதில் என்ன.

வெளியே மாமி துணி மடித்துக்கொண்டிருந்தார். சொன்னால் அன்வரு என்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

5.40. ஒரு தடவை.


ஜூலை 24, வியாழன்

யோசனை: மாலை வெயில் மேற்கிலிருந்து சாய்வாக விழும். உச்சி வெயிலில் தெரியாத ஓட்டை அப்போது தெரியலாம். ஆகவே 5 மணி முதல் 6.20 வரை அறைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். போனை வெளியே வைத்துவிட்டேன், அதன் வெளிச்சமும் ஆகாது.

ஒன்றும் இல்லை. எங்கேயும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

ஏலக்காய் வாசம் மட்டும். அவர் சட்டையில் இருந்த வாசம், துவைத்தாலும் போகாதது. உள்ளறையில் மாமி யாசீன் ஓதுவது சுவர் வழியாகக் கேட்டது. 5.40 ஆகியிருக்கும் என்று ஒரு நேரத்தில் உடம்புக்குத் தெரிந்தது. கை துறுதுறுத்தது. மூன்றாம் நாளிலிருந்து அந்த நேரத்தில் அடிக்காதது இதுதான் முதல் தடவை.

"இருக்கீங்களா?" என்று கேட்டேன். வாய்விட்டு. நாலு வருஷ ஆராய்ச்சி.

மஹ்ரிப் தொழுதுவிட்டு மூன்று தடவை அடித்தேன், மன்னிப்புக் கேட்கிறவள் போல. மணி போனது.

நான் உள்ளே இருந்தால் வருவதில்லை. நான் இல்லாதபோது வருகிறது. இதை மேடத்துக்கு எப்படி எழுதுவது?


ஜூலை 25, வெள்ளி

தடவிப் பார்த்தேன். முந்தாநாளைவிட வளைவு கூடுதல். நுனியில் குடை.

மாமாவுக்கு இருமல். சுக்குத் தண்ணீர்.

5.40.


ஜூலை 26, சனி

நிதானமாக எழுத வேண்டும்.

சுகன்யா துண்டு வெட்டி எடுத்துப் போக மூன்று மணிக்கு வந்தாள். அவளை ஐந்தரைக்கு ஏலக்காய் அறைக்குள் உட்காரவைத்தேன். "ஆறு மணி வரைக்கும் இரு. கண்ண மூடாத." சிரித்துக்கொண்டே போனாள். பிரியாணி வாசம் அடிக்குதுக்கா, ஏலக்காயும் காளானும், என்றாள். கதவைச் சாத்தி சாக்கைத் தள்ளினேன்.

நான் என் வேலையைப் பார்த்தேன். பெட்டிகளுக்குத் தண்ணீர். 5.40க்குப் பின்கட்டில் நின்று அவர் நம்பருக்கு அடித்தேன். மணி போய் முடிந்தது.

போனைக் கீழே இறக்கவில்லை, கதவு தடதடவென்று தட்டுகிற சத்தம்.

சுகன்யா முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, மேல. பரண்ல. வெளிச்சம் வந்துச்சுக்கா. நீலமா, சாக்குக்குப் பின்னாடி. ஒரு நிமிஷம் இருந்துச்சு. காளான் பூராம் தெரிஞ்சுச்சு, எல்லாம் அதையே பாத்துக்கிட்டு நிக்கிது. அப்பறம் தானா அணைஞ்சிருச்சு."

"எப்ப?"

"இப்பக்கா. இப்பத்தான்."

என் கையில் போன் இன்னும் சூடாக இருந்தது.

அவளை மாமியிடம் டீ குடிக்க அனுப்பினேன். மாமா தொழுதுவிட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். "மாமா, அவுக போனு பரண்லயா இருக்கு?"

ஒரு செருப்பு காலிலேயே இருக்க, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்டேஷன்ல அன்னைக்கே குடுத்துட்டாகம்மா. கண்ணாடியில ஒரு கீறலு கூட இல்ல. அமுக்கிப் பாத்தேன். மூணு மிஸ்டு காலு. காளான், காளான், காளான்னு. நேரமும் போட்ருந்துச்சு." மற்ற செருப்பைக் கழற்றினார். "ஒனக்குத் தெரியவே கூடாதுன்னு கொண்டாந்து அங்கன போட்டேன். ஒங்க மாமி கண்ணுலயும் படக் கூடாதுல்ல."

"சார்ஜு?"

"மூணாம் நாளு அணைக்கணும்னு போயி எடுத்தேன். கையில இருக்கையில அடிச்சுச்சு. நீதான். மறுநாளும் போயிப் பாத்தேன், அதே நேரத்துக்கு அடிக்கிது. அணைச்சுப்போட்டா இந்தப் புள்ள என்னா ஆகும்னு தோணுச்சும்மா. சத்தத்த மட்டும் கொறச்சிட்டு, காத்தாடிக்குப் போட்ட பிளக்குல சொருகி விட்டேன். ரீசார்ஜும் நாந்தேன் போடுறேன்."

"ஒரு துளி வெளிச்சம் படக் கூடாதுன்னு சொன்னேனே மாமா."

நிஜமாகவே விளங்காமல் என்னைப் பார்த்தார். எழுபது நாளில் முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார். "லைட்டு போடலியேம்மா. அது போனுதான?"

சிரிப்பு வந்துவிட்டது. நிற்கவில்லை. மாமி டீ டம்ளரோடு ஓடி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டு, அழு ஆத்தா, நல்லா அழு, என்றார். அப்போதுதான் அது அழுகை என்று தெரிந்தது.

நான் அடித்த நேரமும் அவர் விழுந்த நேரமும் ஒன்று என்பது எனக்குத் தெரியாது என்று மாமா நினைத்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாது என்று நான். அதற்குத்தான் அந்த மாதுளம்பழம்.


ஜூலை 27, ஞாயிறு

காற்று கொஞ்சம் தணிந்திருக்கிறது.

மேடத்திடம் காலையில் சொன்னேன். போன் என்று மட்டும் சொன்னேன், யாருடையது என்று சொல்லவில்லை. அவர்களாகவே புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். பிறகு வேலைக் குரல்.

"அந்த ஆறு பையையும் தூக்கிப் போடாத. மிகக் குறைந்த ஒளின்னு தனி வரிசையாப் போடு. ஆனா கணக்கு வேணும். எத்தனை தடவை, எத்தனை நொடி, எவ்வளவு தூரம். இருட்டுக்கு அந்த ரெண்டு பை இருக்குல்ல? இன்னைக்கே கீறித் தொங்கவிடு. இந்தத் தடவை இருட்டுன்னா இருட்டு."

மாமா ஏணி வைத்துப் பரணில் ஏறினார். நான் கீழே நின்று டேப்பைப் பிடித்தேன். போன் இருந்த இடத்திலிருந்து ஒவ்வொரு பைக்கும் அளந்தோம். முதல் தடவையாக அந்த அறையில் விளக்கைப் போட்டோம். ஆறு பையும் சாக்கு மூலையைப் பார்த்து நின்றன. மாமா பார்த்தார், மேலிருந்தே, ரொம்ப நேரம்.

இறங்கி வந்து போனை என் கையில் கொடுத்தார். "அணைச்சிறவாம்மா?"

ரெண்டு பைக்கு இருட்டு வேண்டும். இத்தா முடியும்போது என் கையில் ஏதாவது ஒன்று முழுதாக இருக்க வேண்டும். அணைத்துவிடலாம் மாமா, முதலில் எண்ணிவிடுகிறேன் என்றேன்.

என் போனில் எல்லாம் அழித்துவிட்டேன். இதில்தான் இருக்கிறது. பூட்டைத் திறக்கும் கோடு கைக்குத் தெரிந்திருந்தது.

தவறிய அழைப்புகள். காளான்.

20 மாலை: 1
21: 2
22: 1
23: 1
24: 3
25: 1
26: 1
மொத்தம் 10. ஒவ்வொன்றும் மணி ஓயும் வரை, ஏறக்குறைய நாற்பது நொடி.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். விரல் கீழே போய்க்கொண்டே இருந்தது. காளான், காளான், காளான், இரண்டு மாதம் கீழே. கடைசியில், அவர் விழுந்த அன்றைக்கு, மூன்று.

5.38
5.39
5.40

நோட்டில் எழுதி, கோடு போட்டு, கணக்கில் சேர்க்காமல் விட்டேன். அந்த வெளிச்சத்தில் காளான் எதுவும் இல்லை. அவர் மட்டும்தான் இருந்தார்.